புகை கண்ணைத் தேடி வந்த கதை

அந்தக் காலத்தில் அடுப்புக்குப் பேச்சு உண்டு. ஆனால் வாய்க்கு ருசி பார்க்கும். காய்ந்த விறகைத் தவிர வேறு எதையும் தொடாது.

மலையடிவாரத்தில் செவத்தாயி என்றொருத்தி, புருசன் உடும்பனோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தாள். ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பயந்து ஆட்டையும் உள்ளே கொண்டுவந்து கட்டினார்கள். விறகு ஊறிப்போய்விட்டது. குழந்தை பசியில் வீறிட, செவத்தாயி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்போது அடுப்பு சொன்னது: "பரண் மேல வரட்டி இருக்குதே, அதைக் குடு ஆத்தா. உமி குடு, சோளத்தட்டை குடு, கரி குடு. எது குடுத்தாலும் தின்னுக்கிறேன்."

"இத்தனை நாளும் விறகு விறகுன்னு அடம்பிடிச்சியே?"

"புள்ளை அழுவுறதைக் கேட்டுக்கிட்டு எப்படி இருக்கிறது?"

கொடுத்தாள். தின்றது. கஞ்சி கொதித்தது, குழந்தையும் குடித்துவிட்டு உறங்கியது. செவத்தாயிக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது. எதையும் தின்கிறவன் எதோடு நிறுத்துவான்? வரட்டி தின்ற வாய் நாளைக்குக் கூரையைக் கேட்காதா?

அதற்குப்பின் அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டவில்லை. குழந்தையின் தூளியை அவிழ்த்துத் தூரத்து மூலையில், ஆட்டுக்குப் பக்கத்தில் கட்டினாள். உமியை அள்ளிப் போடும்போதுகூடக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

ஒருநாள் விளக்குமாறு பாதியாய்க் கிடந்தது. மறுநாள் முறத்தின் ஓரத்தைக் காணோம்.

"நீதானே?" என்றாள் அடுப்பிடம்.

"நான் இல்லை ஆத்தா. நீ போட்டதைத்தான் தின்னேன்."

"அடுப்புக்குக் காலா இருக்குது, எந்திரிச்சுப் போய் எடுக்க?" என்று உடும்பன் சிரித்தான்.

"நாக்கு இருக்குதில்ல? அது நீளாதா?" என்றாள் அவள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனான்.

அன்று பகலில் தூளியின் தொங்கல் ஒரு முழத்துக்குக் குறைந்திருந்தது. செவத்தாயி அதைப் பார்த்தாள். அடுத்தது பிள்ளைதான் என்று நினைத்தவள், தண்ணீர்ப் பானையைத் தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்துவிட்டாள்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். "என்னைக் கேட்டியே ஆத்தா, நான் சொன்னதை நம்பியிருக்கலாமே" என்றது அடுப்பு. குளிர் வந்து வீட்டில் உட்கார்ந்தது.

முதுகுக்குப் பின்னால் நறநறவென்று கேட்டது. திரும்பினாள். ஆடு தூளித் துணியின் மிச்சத்தை மென்றுகொண்டு நின்றது. முடிச்சு நழுவிக்கொண்டிருந்தது. பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

குளிரில் குழந்தையின் உதடு நீலம் பூத்தது. ஓடிப்போய்ச் சாம்பலைக் கிளறினாள். அடியில் ஒரே ஒரு கங்கு, சாகவா வேண்டாமா என்றிருந்தது. ஈர வரட்டியை வைத்து, மண்டியிட்டு ஊதினாள். புகை நேராக வந்து கண்ணில் ஏறியது. இந்தப் பக்கம் நகர்ந்தாள். இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனாள், அங்கும் வந்தது.

"தப்புத்தான். ஒரு வார்த்தை பேசு" என்றாள், கண்ணில் நீர் வழிய.

அடுப்பு பேசவில்லை. பிள்ளைக்காக எரிந்தது, கஞ்சி காய்ச்சியது. அவ்வளவுதான்.

அன்று முதல்தான் அடுப்பு வரட்டியோ உமியோ போட்டதைத் தின்று, ஊமையாய் உலை கொதிக்கவைக்கிறது. ஊதக் குனிகிறவர் எந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாலும், புகை சந்தேகப்பட்ட அந்தக் கண்களைத் தேடியே வருகிறது.