ஒச்சம்மாள் பாலம்

கரட்டு மடத்தில் அப்போது இருந்த சீடர் ஒரே ஒருவர். பேர் சடையாண்டி. வயது அறுபத்தாறு. குருவுக்கு நாற்பத்திரண்டுதான். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு ஊருக்கு வந்தவர், கரட்டுக் குன்றில் ஒரு நாள் படுத்துத் தூங்கினார், பிறகு லாரி ஏறவே இல்லை. பெரிய சாமி போனபின் மடம் அவர் கைக்கு வந்தது. ஊரார் அவரைச் சின்னச்சாமி என்றார்கள்.

சடையாண்டி ஞானம் தேடிப் போனவர் இல்லை. ஒரு கேள்வியோடு போனவர்.

"என் பொண்டாட்டியைக் கொன்னவன் யாரு சாமி? அதை நீங்க உங்க வாயால சொல்லணும்."

சின்னச்சாமி விளக்குமாற்றை எடுத்து நீட்டினார்.

"வாசலைக் கூட்டுங்க பெரியவரே."

இரண்டு வருசமாகச் சடையாண்டி கூட்டிக்கொண்டிருந்தார். சுனையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். மத்தியானம் மடத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். கல் உடைக்கிறவர்களும், பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகிறவர்களும் வந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் பரிமாறினார். ஆனால் கேள்வியை விடவில்லை. பதிலும் அவரிடமே இருந்தது. சாமி அதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஊருக்குள் போய்ச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார்.

பதிலின் பேர் அரியநாதன். முன்னாள் பேரூராட்சித் தலைவர்.

அந்த ஊரில் இரண்டு கட்சி, இரண்டு டீக்கடை. மேலக்கடையில் குடிப்பவன் கீழக்கடையில் குடிக்க மாட்டான். அரியநாதன் கீழக்கடை. சடையாண்டி மேலக்கடை, ஒரு காலத்தில் நாலாவது வார்டு உறுப்பினராகவும் இருந்தவர்.

பதினெட்டு வருசத்துக்கு முன் ஊருக்குக் குடிதண்ணீர் டேங்க் கட்ட அரசாங்கத்திடம் கடன் வாங்கினார்கள். டேங்க் எழுந்தது. ஆற்றுக்குள் போட்ட கிணறு மூன்று மாதம் தண்ணீர் கொடுத்தது, பிறகு வற்றிப்போனது. கடன் வற்றவில்லை. அரசாங்கம் மாதாமாதம் ஊருக்குத் தரும் பங்கில் தவணையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியது. மிச்சத்தில் முதலில் தெருவிளக்கு அணைந்தது. பிறகு குப்பை அள்ளுகிறவர்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ஓடைத் தரைப்பாலத்தில் ஒரு கல் பெயர்ந்தது. அதைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன் ஐப்பசி மழையில் அந்தப் பாலம் மொத்தமாகப் போனது. அந்த வாரம்தான் ஒச்சம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி. கட்டிலோடு தூக்கி ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சடையாண்டி பேரூராட்சி ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார். பாலத்துக்குக் கல் வைக்கக்கூடக் காசில்லாமல் இந்த ஊரை யார் தின்றது என்று கேட்டார். எழுத்தர் ஒரு பழைய தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். இருபது வருசக் கடன், இன்னும் நாலு வருசம் பாக்கி இருக்கிறது, அது முடிகிறவரை பாலத்துக்குக் காசு கிடையாது என்றார். கீழே வரிசையாகக் கையெழுத்து. முதல் கையெழுத்து அரியநாதன். ஏழாவது சடையாண்டி.

அவருக்கு அந்தக் கூட்டம் நன்றாக ஞாபகம் இருந்தது. மேலக்கடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். டேங்குக்கு யார் தலைவர் பேரை வைப்பது என்று நாலு மணி நேரம் சண்டை. இவர்தான் நாற்காலியைத் தூக்கி அடித்தார். மேலக்கடைத் தலைவர் பேரே ஜெயித்தது. இன்றும் டேங்கின் வயிற்றில் ஆள் உயர எழுத்தில் அந்தப் பேர் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் பெயின்ட் அடிக்கிறார்கள். கடன் எத்தனை வருசம் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் கையெழுத்து வாங்கினார்கள். ஜெயித்த சந்தோசத்தில் போட்டார்.

புத்தகத்தை மூடிவிட்டு நேரே மடத்துக்கு வந்தவர்தான். ஏழாவது கையெழுத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் மேலக்கடைக்காரர்கள் நாலு பேர் கரடு ஏறி வந்தார்கள். கையில் ஒரு நோட்டீஸ். ஓடையில் உயர்மட்டப் பாலம் கட்டப் புதிதாகக் கடன் வாங்கப் போகிறார்கள். வருகிற சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அண்ணன் வந்து பேசவேண்டும், பாலத்துக்கு அண்ணி பேரையே வைக்கச் சொல்லி நம் ஆட்கள் கேட்கப்போகிறார்கள், கீழக்கடைக்காரன் எதிர்த்தால் அவன் முகத்திரை கிழிந்துபோகும் என்றார்கள்.

அவர்கள் போனபின் சடையாண்டி வெகுநேரம் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒச்சம்மாள் பேரைக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு யாரும் எங்கும் அச்சடித்ததில்லை.

"போகட்டுமா சாமி?"

சின்னச்சாமி காலிக் குடத்தை எடுத்து அவர் முன் வைத்தார்.

"இன்னைக்குச் சுனைக்குப் போகவேண்டாம். டேங்க் குழாயில பிடிச்சுட்டு வாங்க."

"அதுல காத்துதான் சாமி வரும்."

"ஊருக்குள்ள போயி ஒரு குடம் கொண்டாங்க பெரியவரே. கஞ்சி வைக்கணும்."

டேங்குக்கு அடியில்தான் கீழக்கடை இருந்தது. சடையாண்டி குழாயைத் திறந்தார். உஸ் என்று ஒரு சத்தம், அதோடு சரி. கடை பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல உங்க தலைவர் பேருதான இருக்கு மாமா, ஒரு சத்தம் குடுத்துப் பாருங்க, ஊத்துவாரு" என்றான் ஒருவன்.

கடைக்காரர் அவனை அதட்டினார். பிறகு வெளியே வந்து, டிரம்மில் நேற்று லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன், குடத்தைக் கொடுங்கள் பெரியவரே என்று கையை நீட்டினார்.

சடையாண்டி குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கும் கட்டிலை இந்த நிழலில்தான் இறக்கி வைத்தார்கள். ஒச்சம்மாள் தண்ணீர் கேட்டாள். இதே கடைக்காரர் செம்போடு எழுந்தார். அங்கே வேண்டாம் என்று சொன்னவர் சடையாண்டிதான். மேலக்கடைக்கு இருநூறு எட்டு வைக்கவேண்டும். ஓடிப்போய் வாங்கி வந்தார்கள். செம்பு வந்து சேர்ந்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

காலிக் குடத்தோடு அவர் கரடு ஏறினார். மடத்தில் எட்டுப் பேர் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னச்சாமி குடத்தை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பரிமாறுங்க."

"என்னத்தைச் சாமி பரிமாறுறது?"

"டேங்குல யாரு பேரு இருக்குன்னு இவங்களுக்குச் சொல்லுங்க. நீங்க நாற்காலி தூக்கி வாங்கின பேருதான."

கல் உடைக்கும் கிழவி ஒருத்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"பேரு இருக்கட்டும்யா. கஞ்சி எங்க?"

சுனைக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து உலை வைப்பதற்குள் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் நேரம் தவறிவிடும் என்று வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி வெறும் வயிற்றோடு போனாள். சடையாண்டி அவள் போகும் பாதையையே பார்த்தார்.

"ஊருல ஒரு குடம் தண்ணிகூடவா இல்ல?" என்றார் சாமி.

"இருந்துச்சு."

"பெறகு?"

அப்போதுதான் சடையாண்டி எல்லாவற்றையும் சொன்னார். டிரம்மைச் சொன்னார். செம்பைச் சொன்னார். கடைசியாக ஏழாவது கையெழுத்தையும் சொன்னார். சொல்லி முடித்து, இனி சாமி தன்னைத் துரத்திவிடுவார் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சின்னச்சாமி துரத்தவில்லை. நோட்டீசை வாங்கித் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் பெரிய எழுத்தாக மூன்று வரி எழுதினார். சடையாண்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும். கூட்டிக் கூட்டிப் படித்தார். எத்தனை வருசத்துக்கு? மாதம் எவ்வளவு பிடிப்பார்கள்? அவ்வளவு பிடித்தால் ஊரில் எது எது நின்றுபோகும்?

"போங்க. இந்த மூணையும் கேளுங்க. பதில் வர்றவரைக்கும் உக்காராதீங்க."

"கேட்டா?"

"கேட்ட ஒரு ஆளாவது அந்த ஊருல இருந்ததா இருக்கும்."

இடையில் இருந்த மூன்று நாளும் அவர் கூட்டும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் அந்த மூன்று வரியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை காலை நோட்டீசை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. நடுவில் பாதை விட்டு, இந்தப் பக்கம் மேலக்கடை, அந்தப் பக்கம் கீழக்கடை. செயல் அலுவலர் ஒரு தாளை எடுத்து மூச்சு விடாமல் படித்தார். யாருக்கும் காதில் விழவில்லை. போன கடனைத் தின்றது யார் என்று அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். வாங்கினது நீ என்றது ஒரு பக்கம். கமிஷன் அடித்தது நீ என்றது மறுபக்கம். டேங்க் கட்டின புதிதில் இரண்டு கூட்டமும் அது தன்னுடையது என்று வெடி போட்டதை யாரும் நினைக்கவில்லை.

சடையாண்டி எழுந்தார். அவர் மனைவி போன விதம் ஊருக்கே தெரியும் என்பதால் சத்தம் கொஞ்சம் அடங்கியது. யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் சட்டைப்பையில் விரலை விட்டார்.

அந்த நேரம் பார்த்து மேலக்கடைக்காரர் ஒருவர், பாலத்துக்கு அண்ணி பேரைத்தான் வைக்கவேண்டும் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அரியநாதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார்.

"நாட்டுக்கு ஒழைச்சவங்க எத்தனையோ பேரு இருக்க, காய்ச்சல்ல போன பொம்பளை பேரா?"

விரல் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. அடுத்து என்ன நடந்தது என்று சடையாண்டிக்கே கோவையாகச் சொல்லத் தெரியாது. மைக் கீழே விழுந்தது. கையில் நாற்காலி இருந்தது. பதினெட்டு வருசத்துக்கு முன் இருந்த அதே பலம் தோளில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் எழுந்தது. போலீஸ் வந்தது. மூன்று மணி நேரம் பேசினார்கள். முடிவில் பாலத்துக்கு ஒச்சம்மாள் பேர், கல்வெட்டில் கீழக்கடைத் தலைவர் படம் என்று சமாதானம் ஆயிற்று.

கடன் வாங்க வேறு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று செயல் அலுவலர் கேட்டார். அரியநாதன், நான் சொன்னது தப்பு, ஒச்சம்மாள் எனக்கும் தங்கச்சிதான் என்று சொல்லிச் சடையாண்டி கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்சேபம் இல்லை என்று எழுதினார்கள். பாதி டீ மேலக்கடையிலிருந்தும் பாதி டீ கீழக்கடையிலிருந்தும் வந்தது. எது எந்தக் கடை டீ என்று பார்க்காமல் எல்லோரும் குடித்தார்கள். சடையாண்டியும் குடித்தார்.

மாலையோடு கரடு ஏறினார். வழியெல்லாம் அவள் பேரைப் பாலத்தின் மேல் எழுத்து எழுத்தாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தியானக் கஞ்சி முடிந்திருந்தது. சின்னச்சாமி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சடையாண்டி குனிந்து அவர் காலைத் தொட்டார். சட்டைப்பையிலிருந்து நோட்டீஸ் விழுந்தது. எட்டாக மடித்தது மடித்தபடியே இருந்தது. சின்னச்சாமி சாம்பல் கையால் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சடையாண்டி அதை வாங்கும்போது அதைப் பார்க்கவில்லை.

"ஜெயிச்சுட்டோம் சாமி. பாலத்துக்கு அவ பேருதான்."

சின்னச்சாமி மறுபடி பானையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"எத்தனை வருசத்துக்கு?"