ஓரம் மடிக்காத கொட்டான்

கேளுங்கள். அந்தக் காலத்தில் அரசர்களும் இருந்தார்கள், முனிவர்களும் இருந்தார்கள். இந்தக் கதைக்கு அவர்கள் யாரும் வேண்டாம். ஒரு உப்பு வணிகன் போதும், அவனுடைய ஐந்து வயது மகள் போதும், விடாமல் பெய்த ஒரு மழை போதும்.

கடலோரத்து ஊர் ஒன்றில் உடையப்பன் என்று ஒருவன் இருந்தான். பன்னிரண்டு பொதிமாடுகள் வைத்திருந்தான். அத்தனையும் அவன் வாயால் பேசிப் பேசிச் சம்பாதித்தவை. மாடு வாங்கப் போனால் விற்கிறவன் அழுவான். உப்பு விற்கப் போனால் வாங்குகிறவன் அழுவான். கோபம் வந்தால் அவன் குரல் உப்பளம் வரைக்கும் கேட்கும்.

தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் வளர்ந்தவன் அவன். சின்ன வயதில் ஒரு பெரிய வீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு பழைய வேட்டி கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தாரா? பத்து வருடம், கண்ட இடத்திலெல்லாம், "இவன் இடுப்பில் கிடந்தது என் வேட்டி" என்று நாலு பேர் நடுவில் சொல்லிக் காட்டினார். உடையப்பன் அன்றைக்கு முடிவு செய்தான்: இனி யாரிடமும் எதையும் சும்மா வாங்குவதில்லை. வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிவிடுவது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த கிண்ணத்தை யாரும் வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். ஆனால் உடனேயும் திருப்பமாட்டார்கள். பத்து நாள், பதினைந்து நாள் அது அடுப்படியில் கிடக்கும். "உன் கிண்ணம் என்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள், வருவார்கள். வந்த அன்றைக்கே, வந்ததற்குச் சரியாக ஒன்றை வைத்துத் திருப்பினால், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

உடையப்பன் எல்லா வீட்டுக்கும் அன்றைக்கே திருப்பினான்.

அவன் மனைவி சிகப்பி இருந்தவரை பிழைப்பு ஓடியது. முன்வாசலில் இவன் கத்திவிட்டு வந்தால், பின்வாசல் வழியாக அவள் போய்ச் சிரித்துப் பேசிச் சரிசெய்துவிட்டு வருவாள். ஆவணி மாதக் காய்ச்சல் ஒன்றில் அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பின்வாசலை யாரும் திறக்கவில்லை.

ஐப்பசி வந்தது. உப்புக்காரனுக்கு மழைக்காலம் சிறைக்காலம். பொதியைத் தூக்கினால் சரக்கு கரைந்து ஓடிவிடும். வீட்டில் அவன், அவன் மகள் நாச்சி, கூரையில் மழை. சட்டியில் ஒருவேளைச் சோறு, மூலையில் சிகப்பியின் முறம். ஒரு ஆள் வந்து கதவைத் தட்டவில்லை.

மழை விட்டால் இரண்டு மாதம் மலைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அடுத்த மழைக்கு உலை ஏறாது. காட்டுவழியில் புலி உண்டு, விஷக்காய்ச்சல் உண்டு; குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. அவளை யார் வீட்டில் விடுவது? கூலிக்கு ஆள் கேட்டுப் பார்த்தான். அவன் வாய்க்குப் பயந்து யாரும் வரவில்லை.

யோசித்தான் உடையப்பன். சண்டை போட்ட வீடுகளுக்கு ஏதாவது செய்து அனுப்பினால் என்ன? கடையில் வாங்கியது வேண்டாம், கையால் செய்ததாக இருக்கட்டும். பனையோலை கிடந்தது. மழை ஈரத்தில் ஓலை ஒடியாது, சொன்னபடி வளையும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

"அப்பா, இது என்ன?"

"கிளி."

"கிளிக்கு எதுக்கு நாலு கால்?"

"மாட்டுக்காரன் செஞ்ச கிளி அப்படித்தான் இருக்கும். நீ ஓலையைக் கடிக்காதே."

"யாருக்கு இது?"

"நெசவு வீட்டுக்கு."

"அவங்க நமக்கு யாரு?"

உடையப்பன் ஓலையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். 

இரண்டு கால்களை வெட்டிவிட்டு, மஞ்சள் பூசி, கிளியை நெசவு வீட்டுக்கு அனுப்பினான். காலையில் போனது. மதியத்துக்குள் ஒரு முழம் துணி வந்துவிட்டது. கொண்டுவந்தவள் வாசலிலேயே வைத்துவிட்டு, மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் செக்கு வீட்டுக்கு. அங்கே கைக்குழந்தை இருந்தது. அப்பாவும் மகளும் ஒரு கிலுகிலுப்பை முடைந்தார்கள். நாச்சி உள்ளே போடக் குன்றிமணி எண்ணினாள், எண்ணத் தெரியாமல் எல்லாவற்றையும் போட்டாள். நன்றாகத்தான் ஒலித்தது. அதுவும் காலையில் போனது. மதியத்துக்குள் ஒரு செம்பு எண்ணெய் வந்துவிட்டது.

உடையப்பன் செம்பைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், பல்லைக் கடித்தான். யாரைத் திட்டுவது? இந்த வித்தையை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தானே!

மூன்றாவது வீடு பாக்கி இருந்தது. அது வேலிக்கு அந்தப்பக்கம், வலை பின்னுகிற மருதாயியின் வீடு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். போன மாதம் இவன் மாடு அவள் பூசணிக்கொடியைத் தின்றுவிட்டது. "என்ன ஈடு வேணும், சொல்லு" என்று கத்தியபடி இவன் ஒரு மரக்கால் உப்பை அவள் வாசலில் கொட்டிவிட்டு வந்தான். "பூவும் பிஞ்சுமா இருந்த கொடிக்கு உப்பா ஈடு?" என்று அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

அவளுக்கு நல்லதாக ஒரு கொட்டான் செய்யவேண்டும் என்று நினைத்தான். சின்ன ஓலைப்பெட்டி, அடி சதுரம், வாய் வட்டம். மூன்று நாள் மழையில் அடி முடிந்தது, பக்கங்கள் எழுந்தன. நாச்சி முடைந்த பக்கம் மட்டும் கோணிக்கொண்டு நின்றது. ஓரம் மடித்துக் கட்டினால் வேலை முடிந்துவிடும்.

நான்காம் நாள் விடிந்தபோது மழை நின்றிருந்தது.

தெருவில் மாட்டு மணிச் சத்தம். மற்ற வணிகர்கள் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு முதலில் போகிறவனுக்குத்தான் நல்ல விலை. நாளைக் காலை கிளம்பியாகவேண்டும். குழந்தைக்கு இன்னும் இடம் இல்லை. உடையப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாம் வீண் வேலை!" என்று கொட்டானை மூலையில் விட்டெறிந்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனான்.

திரும்பி வந்தால் மூலையில் கொட்டானும் இல்லை, வீட்டில் மகளும் இல்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்டது. உடையப்பன் வேலியோரம் போய் நின்றான்.

"அத்தை, இது உங்களுக்கு. ஆனா முடியலை. எனக்கு ஓரம் மடிக்க வராது. அப்பா மாட்டுக்கிட்டப் போயிட்டாரு."

மருதாயி கொட்டானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று உள்ளே ஒரு பார்வை, கொட்டானை ஒரு பார்வை. "இதுக்குச் சரியா என்னத்தடி கொடுக்க? இது பெட்டியா, ஓலையா?"

"தெரியலையே, அத்தை."

"இந்தப் பக்கம் என்ன, காத்துல சாஞ்ச பனை மாதிரி நிக்குது?"

"அது நான் செஞ்சது."

மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலை ஊசியைக் காதோரம் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "பிடி இந்த நுனியை. விட்டியோ, கையை உடைப்பேன்." அவள் மடிக்க, நாச்சி பிடிக்க, மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு ஓலையை நீட்ட, ஓரம் சுற்றி வந்தது. நடுவில் அவித்த கிழங்கு வந்தது. நாச்சியும் தின்றாள்.

உடையப்பன் பார்த்தான். ஓடிப்போய் ஒரு மரக்கால் நிறைய உப்பை அள்ளிக்கொண்டு மருதாயியின் வாசலுக்கு வந்தான். மகள் தின்ற கிழங்குக்கு, மடித்த ஓரத்துக்கு. பழக்கம், வேறென்ன?

மருதாயி நிமிர்ந்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, அந்த உப்பை இங்க இறக்கினீங்கன்னா, உங்க மகளையும் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. கணக்கு தீர்ந்துது. இல்லேன்னா, அவ இங்க இருக்கட்டும். நீங்க உப்போட போங்க."

உடையப்பனின் முகம் சிவந்தது. "சும்மா தின்னுட்டுப் போறவன் இல்லை நான்" என்று சொல்ல வாய் திறந்தான். ஒருமுறை திறந்தான், மூடினான். இன்னொருமுறை திறந்தான், மூடினான். நாச்சி அவனைப் பார்க்கவே இல்லை. மருதாயியின் சின்ன மகளோடு தலை முட்டக் குனிந்து எதையோ முடைந்துகொண்டிருந்தாள். ஆவணிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் வேறு குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மூன்றாம் முறை வாய் திறந்தபோது, அவனுக்கே அடையாளம் தெரியாத குரல் ஒன்று வந்தது.

"தங்கச்சி. ரெண்டு மாசம். நான் மலைக்குப் போகணும். இவளை வச்சுக்கிறியா?"

"எவ்வளவு தருவேன்னு சொல்லப்போறீங்களா?"

"இல்லை."

"அப்ப வச்சுக்கிறேன்" என்றாள் மருதாயி. "பூசணிக்கு நான் உங்களைத் திட்டவேண்டியது பாக்கி இருக்கு. திரும்பி வாங்க, திட்டுறேன்."

அவன் மரக்காலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். நிறை மரக்கால் அன்றைக்குக் கனத்த மாதிரி என்றைக்கும் கனத்ததில்லை.

மறுநாள் காலை மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். நாச்சி வேலியோரம் வந்து கையசைத்தாள். யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.  உடையப்பன் நடந்தான். மலைவழி நீளம், துணைக்கு மாட்டு மணிதான்.

ஆற்றங்கரையில் இன்னொரு வணிகன் கேட்டான்: "மகளை எங்கய்யா விட்டே?"

"பக்கத்து வீட்டுல."

"நீயா? என்ன கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கலை" என்றான் உடையப்பன். சொன்னவனுக்குக் கண் கலங்கியது. ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, மாடுகளை அதட்டி ஓட்டினான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறருக்குக் கடமைப்பட்டு நிற்க மனம் இல்லாதவன், எத்தனை கொடுத்தாலும் தனியாகத்தான் இருப்பான்.