இதுக்கும் பாதி மார்க்தானா?

சிவில் பேராசிரியர் கனகசபாபதிக்கு ஆங்கிலம் பிசகினால் போதும், மார்க்கில் கை வைத்துவிடுவார். தமிழ் மீடியத்திலிருந்து வந்த இசக்கியம்மாள் பாலத் தூண் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். விளக்கம் எழுதிய ஆங்கிலத்துக்காகப் பாதி மார்க் போயிருந்தது. அவர் அறைக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோனவள், கடைசியில் வகுப்பிலேயே எழுந்து நின்றாள்.

"நான் எழுதினது புரியலையா சார்?"

"புரியுது. ஆனா அது இங்கிலீஷாவே இல்ல. ஒரு தப்பு இல்லாம எழுதிட்டு வா, முழு மார்க் போடறேன்."

"சரிங்க சார்," என்றாள் அவள் சலிப்போடு. "அந்தப் பாடத்தை ஒரு தடவை இங்கிலீஷ்ல நடத்துங்க. நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்கிறேன்."

பேராசிரியர் மிடுக்காகச் சாக்பீஸை எடுத்தார். முதல் வாக்கியம் கம்பீரமாக வந்தது. அடுத்தது பாதியில் நின்றது. "அதாவதும்மா, மேல இருந்து வெயிட் வரும்போது தூண் என்ன பண்ணும்னா..." என்று, வருஷக்கணக்காக நடத்திவந்த அதே தமிழுக்கு இறங்கிவிட்டார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"புரிஞ்சுதா?" என்றார் வழக்கம்போல.

"நல்லாப் புரிஞ்சுது சார். இதுக்கும் பாதி மார்க்தானா?"

அவர் விடைத்தாளுக்காகக் கையை நீட்டினார்.