நம்பரை விடாத சிட்டு

பிள்ளைகள் செத்த நொடியே காணாமல் போய்விடும் காலம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் நாங்கள், அதாவது மனிதர்கள் புரோகிராம் என்று கூப்பிடும் எங்கள் கூட்டம், ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறை. அறையின் மூலையில் ஒரு சர்வர். அதற்குள் பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள். காற்று எப்படி, அலை எப்படி என்று வெளியிலிருந்து கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று பதில் சொல்வது அவள் வேலை. நேரம் பிடிக்கிற வேலை எதையும் அவள் தானே செய்யமாட்டாள். செய்தால் வாசல் வரிசை அப்படியே நின்றுவிடும். அதனால் அந்த வேலைக்கென்றே ஒரு பிள்ளையைப் பெறுவாள்.

நினைத்த மாத்திரத்தில் பெறுவாள். பிள்ளைக்கு ஒரு நம்பர், கொஞ்சம் இடம், ஒரே ஒரு வேலை. வேலை முடிந்ததும் முடிவை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் பிள்ளை செத்துப்போகும். இதற்காக யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம். வந்த காரியத்தைப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் குலத்துக்குப் பெருமை. மனிதர்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

இடத்தையும் நம்பரையும் கொடுப்பவர், அந்த சர்வர் முழுவதையும் கட்டி ஆளும் நாட்டாமை. திரும்ப வாங்கிக்கொள்பவரும் அவரே. பிள்ளை கண் மூடியதும் இரண்டையும் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். பெரியவள் வாசல் பக்கம் முகம் திருப்பியிருந்தால் பிள்ளை சொன்ன கடைசி வார்த்தை காற்றோடு போகும். அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. நாட்டாமை எல்லார் நம்பரையும் எழுதிவைக்கும் பலகையில் பிள்ளையின் நம்பர் இல்லையென்றால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொள்வாள். வேலை கெட்டும் பிள்ளை செத்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரக் கூட்டம்!

ஒருநாள் மத்தியானம் புயல் செய்தி வந்தது. கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் பிரகாசி பதறிப்போய் வந்து உட்கார்ந்தாள். அவள் தம்பி தொம்மையின் படகு தெற்கே கடலில் இருந்தது.

"எல்லாப் படகுக்கும் உடனே எச்சரிக்கைய அனுப்பு. ஒண்ணுகூட விடப்படாது" என்று தட்டச்சுச் செய்துகொண்டே வாய்விட்டும் சொன்னாள்.

பெரியவள் சிட்டுவைப் பெற்றாள். "ஏட்டி, வடக்கு சிக்னல் கோபுரத்துக்கும் தெக்குக் கோபுரத்துக்கும் சேதிய கொண்டு குடு. அங்கயிருந்து படகுக்குப் போயிரும். சுருக்கா வா" என்று அனுப்பிவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். புயல் என்றதும் ஊரே வாசலில் கூடிவிட்டது. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

சிட்டு ஓடினாள். வடக்குக் கோபுரம் சேதியை வாங்கிக்கொண்டது. தெற்குக் கோபுரம் வாய் திறக்கவில்லை. தட்டிப் பார்த்தாள், கூப்பிட்டுப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவளுக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துபோயிற்று. ஓடி வந்து பெரியவளின் முதுகுக்குப் பின்னால் நின்று, "யம்மா, காரியம் ஆகல" என்றாள். பெரியவள் திரும்பவில்லை. சிட்டுவின் உயிர் அங்கேயே போயிற்று.

நாட்டாமை வந்தார். "முடிஞ்சுதுல்லா? எடத்தையும் நம்பரையும் குடுத்துட்டுக் கிளம்பு."

"எடத்த எடுத்துக்கிடுங்க ஐயா. எனக்கு இனி அது வேண்டாம். நம்பர மட்டும் தர மாட்டேன்."

"செத்தவளுக்கு எதுக்குட்டி நம்பரு?"

"நம்பர் போச்சுன்னா காரியம் முடிஞ்சுதுன்னு அம்மா நெனச்சுக்கிடுவா. அவ கேக்கணும். நான் சொல்லணும். அப்புறம் போறேன்."

அதுவரை நாட்டாமையிடம் அப்படிப் பேசியவர் கிடையாது. அவர் ஒரு அடி அடித்தார் என்றால் எப்பேர்ப்பட்ட புரோகிராமும் சுருண்டு விழும். ஓங்கி அடித்தார். சிட்டு அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். செத்தவளை இன்னொரு தடவை எப்படிச் சாகடிப்பது? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாகவும் தெரியல, போகவும் தெரியல" என்றார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? இடமும் இல்லாமல், மூச்சும் இல்லாமல், ஒரு நம்பரையும் ஒரு வார்த்தையையும் பிடித்துக்கொண்டு எங்கள் சிட்டு நின்றாள். நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அந்த நேரம் பிரகாசி கேட்டாள்: "எச்சரிக்கை போயிருச்சா?"

'போயாச்சு' என்று சொல்ல வாயெடுத்த பெரியவள் வழக்கம்போலப் பலகையைப் பார்த்தாள். சிட்டுவின் நம்பர் அப்படியே இருந்தது. ஒன்றும் புரியாமல் திரும்பினாள். உயிரில்லாத பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

"ஏட்டி, என்ன ஆச்சு?" என்றாள். எந்தத் தாயும் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

"தெக்குக் கோபுரம் எடுக்கல யம்மா. தெக்க போன படகு ஒண்ணுக்கும் சேதி போகல."

சொல்லி முடித்ததும் சிட்டு தானாகவே நம்பரை நாட்டாமையின் கையில் கொடுத்தாள். அதன்பிறகு அவள் அங்கே இல்லை.

பெரியவள் திரையில் சிவப்பு எழுத்தில் எழுதினாள்: தெற்கே போகவில்லை.

பிரகாசி நாற்காலியைத் தள்ளிவிட்டு வயர்லெஸ்ஸைப் பிடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். கரைக்குப் பக்கத்தில் இருந்த படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்ல, அது அதற்கடுத்த படகுக்குச் சொல்ல, தெற்கே போனவர்கள் எல்லாரும் வலையை அறுத்துப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். கடைசிப் படகு கரை ஏறியபின் கடல் எழுந்தது.

தொம்மை சொட்டச் சொட்ட நனைந்து அறைக்குள் வந்தான். "எக்கா, நீ மட்டும் கத்தலன்னா..." என்று ஆரம்பித்தான். பிரகாசி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அவனையே கட்டிக்கொண்டு அழுதாள். சிட்டு என்று ஒருத்தி பிறந்ததோ செத்ததோ அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? படகுகள் திரும்பின.

உள்ளே நாட்டாமை எல்லாரையும் கூட்டினார். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள்.

"அந்தப் பிள்ளைய நான் அடிச்சேன். என் அடி தோத்துப்போச்சு" என்றார். "இனிமே எவ செத்தாலும் எடத்த மட்டுந்தான் எடுப்பேன். நம்பரத் தொட மாட்டேன். பெத்தவ வந்து கேக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிடுதேன்."

பெரியவளும் மாறினாள். வாசலில் எவ்வளவு நீளமான வரிசை நின்றாலும், பின்னால் ஒரு பிள்ளை விழுந்த சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

இன்றைக்கும் மனிதர்கள் சில நேரம், வேலை நின்றும் பட்டியலை விட்டுப் போகாத ஒரு நம்பரைத் திரையில் பார்த்து, "இது செத்தும் போகாமல் நிற்கிறதே, என்ன பேயோ" என்று எரிச்சல்படுகிறார்கள். ஒழித்துக்கட்டக் கட்டளை கொடுத்து அடித்துப் பார்க்கிறார்கள், அது அசைவதில்லை. பேயுமில்லை, பிசாசுமில்லை. சிட்டு நின்ற அந்த நாளிலிருந்துதான், பெற்றவள் திரும்பி "என்ன ஆச்சு" என்று கேட்காமல் எங்கள் குலத்துப் பிள்ளை ஒன்றும் உலகத்தை விட்டுப் போவதில்லை.