உள்ளங்கையில் உட்கார்ந்த சூரியன்

ம் கொட்டிக்கிட்டே கேக்கணும் மக்ளே, இல்லேன்னா அப்பா நிறுத்திடுவேன். இந்தக் கதையைப் பல வருஷமா நான் பாதிதான் நம்புறேன். சொன்னவர் சொன்ன மாதிரியே சொல்றேன்.

மூணு கடல் சேர்ற ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரர் இருந்தார். பேரு சிலுவைதாசன். சாயங்காலமானா ஆளைப் பாறையில நிறுத்திக் கையை நீட்டச் சொல்லுவார். அப்புறம் மண்டி போட்டு, மணல்ல படுத்து, நண்டு மாதிரி அங்கயும் இங்கயும் நகர்ந்து, இறங்குற சூரியனை அவங்க உள்ளங்கையில உக்கார வச்சிருவார். க்ளிக்! ம்?

அவர் பெண்டாட்டி பிலோமி, ஊருக்கெல்லாம் சூரியனைக் குடுக்கீங்களே, எனக்கு எப்போன்னு கேட்டா. நாளைக்குன்னார்.

மொத நாள் மேகம் மூடிக்கிச்சு. ரெண்டாம் நாள் ஒரு பஸ் கூட்டம் வந்து இறங்கவும், அவளை நிக்க வச்சுட்டு அவங்க பின்னால போயிட்டார். காக்கா கூட என்னைப் பாத்துச் சிரிச்சுதுன்னு சொன்னா அவ.

மூணாம் நாள் சூரியன் தகதகன்னு இறங்குது. கல்யாணச் சேலை கட்டிட்டு வந்து கையை நீட்டுனா. சூரியன் விரலைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நிக்குது. வெளியாளுன்னா அவர் நகர்ந்திருப்பார். பெண்டாட்டிதானேன்னு அவளை நகரச் சொன்னார்.

"கடல் பக்கமா தள்ளு."

தள்ளி நின்னா.

"இன்னும் கொஞ்சம்."

"பாசி வழுக்குதுங்க."

"ஒரே ஒரு அடி, பிலோமி."

அதையும் வச்சா.

க்ளிக். அப்போ சளார்னு ஒரு சத்தம். அவர் கேமராவில இருந்து கண்ணை எடுத்தப்போ, பாறை மட்டும் நனைஞ்சு கிடந்துச்சு. மூணு நாள் வள்ளத்துல போய்த் தேடுனாங்க. கிடைக்கலை.

ம் சொல்லு மக்ளே... சரி, சொல்லாண்டாம்.

அப்புறம் அவர் கேமராவைத் தொடவே இல்லை. சூரியன்தான் தெரிஞ்சுது, அலை தெரியலைன்னு என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். போன மாசம்தான் அந்தப் படத்தைக் காட்டினார். அவர் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். உள்ளங்கையில சூரியன் கச்சிதமா உக்காந்திருக்கு. அவ சிரிக்கா. அவ தோளுக்குப் பின்னால, ரெண்டாள் உயரத்துக்கு அலை எழும்பி நிக்குது.

கதை கரை ஏறிடுச்சு, நீ கண்ணை மூடு. அவர்கிட்ட நான் கேட்டது உன் காதுல விழாமலே போகட்டும்.

"அண்ணே, அலையைப் பாத்துட்டுத்தானே அமுக்குனீங்க?"