கும்பிடு போட்ட அரசவை

ராஜாக்களும் இருந்து கைப்பேசியும் இருந்த ஒரு காலத்திலே, நெடுங்கரை நாட்டை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆள்வதைவிடக் கவிதை எழுதுவதில்தான் அவருக்கு ஆசை. குடிமக்கள் அத்தனை பேரையும் சேர்த்து 'அரண்மனை முற்றம்' என்று இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார். ஏரித் தண்ணீர் யார் வயலுக்கு எப்போது என்ற அறிவிப்பு வருவதும் அதில்தான், ராஜாவின் கவிதை வருவதும் அதில்தான். கவிதை விழுந்ததுமே அரசவை மொத்தமும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிடும். அது அங்கே மரியாதை. படிப்பதா? அந்த மகானுபாவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்!

குழுவுக்குக் காவலர் வெண்காடர். ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சர் ஆதிரையாரிடம் யோசனை கேட்பதில் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஒருநாள் ராஜா ஏரியைப் பற்றிக் கவிதை போட்டார். அதில் வாத்துகள் மரத்துக்கு மரம் தாவின. கரும்பு பயிரிடும் செங்கேணி அதைப் படித்துவிட்டு, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டாள். வந்தது வினை. வெண்காடர் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தி, ஆயுள் முழுக்கக் குழுவைவிட்டு நீக்க வேண்டும் என்று குதித்தார்.

குழுவில் இல்லாவிட்டால் தண்ணீர் முறை தெரியாது, கரும்பு காய்ந்துபோகும். ஆதிரையாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரி உடைந்துவிட்டது என்று இதே குழுவில் வெண்காடரின் மைத்துனன் புளுகியபோது, ஊரே அடுப்பை அணைக்காமல் ஓடி, ஒரு வீட்டின் கூரை எரிந்துபோனது. அப்போது வெண்காடர், பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லித் தடவிக்கொடுத்ததோடு சரி. இப்போது நியாயம் பேச வந்துவிட்டார், பெரிய மனுஷர்!

ஆனால் ராஜாவின் மீசை துடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் ஏறாது. ஆதிரையார் அவர் காதருகே போய், தீர்ப்புக்கு முன்னால் ராஜாவின் வாக்கை உண்மையில் மதிப்பவர் யாரென்று பார்த்துவிடலாமே என்று கிசுகிசுத்தார். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். ராஜா கைப்பேசியில் தட்டினார். வானம், பூமி, தம் குலப்பெருமை என்று நீண்ட அந்தச் செய்தி இப்படி முடிந்தது: "இதற்குக் கும்பிடு போடுகிறவர்கள் நாளைமுதல் என் எருமைத் தொழுவத்தில் சாணி அள்ளச் சம்மதிக்கிறார்கள்."

ராஜா கையை எடுப்பதற்குள் சபையெங்கும் கும்பிடு குவிந்தது. முதல் கும்பிடு வெண்காடருடையது. கூடவே, "ஆஹா, அமுத வாக்கு. அடியேன் நினைத்ததும் இதேதான்" என்று ஒரு வாழ்த்து வேறு. மைத்துனன் கும்பிடும் வந்துவிட்டது. கடைசியாகச் செங்கேணியின் பதில் வந்தது: "நான் வரமாட்டேன் சாமி. என் வயலிலேயே வேலை கிடக்கிறது."

ராஜா வெண்காடரை அழைத்து, அவர் கும்பிடு போட்ட செய்தியை உரக்கப் படிக்கச் சொன்னார். குலப்பெருமைவரை கணீரென்று வந்த குரல், தொழுவத்துக்கு வந்ததும் காற்றாகிவிட்டது.

"அரசே, உங்கள் கவிதையைப் படித்தவள் இவள் ஒருத்திதான்" என்றார் ஆதிரையார். "படித்துவிட்டுச் சிரித்தது குற்றமென்றால், படிக்காமலே கும்பிட்டதற்கு என்ன பெயர்?"

இத்தனை நாள் வாங்கிய கும்பிடெல்லாம் இந்த லட்சணம்தானா என்று ராஜாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சபை மொத்தத்தையும் ஆயுளுக்கும் நீக்கிவிடப் போவதாகக் கத்தினார்.

"வேண்டாம் அரசே. நடந்த கேடு எவ்வளவோ, தண்டனையும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். இவள் சிரித்ததில் ஒரு கரும்பும் சாயவில்லை. வெண்காடரின் மைத்துனன் புளுகியதில் ஒரு குடும்பம் வெயிலில் கிடக்கிறது."

ராஜா தலையாட்டினார். மைத்துனன் அந்த வீட்டுக்குத் தன் கையால் கூரை வேய வேண்டும். சபையோர், தாங்களே சம்மதித்தபடி, சாணி அள்ள வேண்டும். வெண்காடரின் காவல் பதவி பறிபோனது. யாரைக் குழுவைவிட்டு நீக்கினாலும் தண்ணீர் முறையை ஆள்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டமும் வந்தது. அன்றைக்கு மடை முதலில் திறந்தது செங்கேணி வயலுக்குத்தான்.

மறுநாள் ராஜா புதுக்கவிதை போட்டார். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. தொழுவத்தில், சாணிக் கையோடு, அரசவை முதல்முறையாக அவர் கவிதையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. படித்து முடித்த பிறகும் ஒருவர்கூடக் கும்பிடவில்லை.