மூணு பிள்ளைகளும் ஒரு துஷ்டிக் கடுதாசியும்

துஷ்டின்னா என்னன்னு தெரியும்லா? சாவுச் சேதி. அது கடுதாசியா வந்தா வாசல்லயே நின்னு படிக்கணும், அங்கனயே கிழிச்சுப் போடணும், நேரா குளிக்கப் போகணும். வீட்டுக்குள்ள கொண்டு போகப்பிடாது. இதை நினைப்புல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

இசக்கி, சுடலை, பூரணம்னு மூணு பிள்ளைக. மூத்தவளுக்குப் பதிமூணு, நடுவுல உள்ளவனுக்குப் பதினொண்ணு, பூரணத்துக்கு எட்டு வயசு. அப்பனும் ஆத்தாளும் ஒரே இடியில போயிட்டாங்க. மழைக்கு மரத்தடியில ஒதுங்கினாங்க, அவ்வளவுதான். கூட ஒதுங்கின வெள்ளாடு மட்டும் பிழைச்சுக்கிச்சு. பொறவு அது ஏழு குட்டி போட்டுச்சு, அதுல ஒண்ணு காது கேக்காம... சரி, ஆட்டுக் கதை இப்ப எதுக்கு?

பிள்ளைகளைப் பெரியப்பன் மாசானமுத்து கூட்டிட்டுப் போனான். அவனுக்குப் பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல, ஈரமும் இல்ல. மூணு பேருக்கும் சேத்து ஒரு சட்டிக் கஞ்சி ஊத்துவான். அதுல குனிஞ்சா முகம் தெரியும், பருக்கை தெரியாது. பிள்ளைகளோட வீட்டு மேலதான் அவனுக்குக் கண்ணு. ஆனி இருபத்தஞ்சுல அங்க பால் காய்ச்சிக் குடியேறிட்டா, பொறவு எவன் வந்தும் கிளப்ப முடியாது. மறுநாளே மூணு பேரையும் வடக்க முறுக்குக் கம்பெனிக்கு ஏத்தி விட ஆள் பேசிட்டான். அந்த ஊர்ல இருந்து அங்க போய்த் திரும்பி வந்தது ஒருத்தன்தான். அவனும் ரெண்டு விரலை எண்ணெய்ச் சட்டியிலயே விட்டுட்டு வந்தான்.

பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஒருத்தரு கப்பல்ல வேலை. ஆவணி பிறந்தாத்தான் வருவாரு. இசக்கி யோசிச்சா. ஆடியில யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க. அப்ப ஆனியைத் தாண்டிட்டாப் போதும்.

"பங்காளி செத்தா பதினாறு நாள் தீட்டு. பெரியப்பாவால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னா.

"யாருக்கா சாவா?"ன்னு கேட்டான் சுடலை.

"நாமதான் சாவடிக்கணும். பிச்சாண்டித் தாத்தாவ."

பிச்சாண்டி மலையடிவாரத்துல ஒண்டியா இருந்த பங்காளி. நாலு தென்னை, ஒரு பசு. அவருக்கும் மாசானமுத்துக்கும் இருபது வருசமாப் பேச்சில்ல. எல்லாம் ஒரு ஆட்டுரல் சண்டை. உரலை ஒருத்தரும் குழவியை ஒருத்தரும் தூக்கிட்டுப் போயி, இருபது வருசமா ரெண்டு வீட்லயும் தோசை கிடையாது. அதனாலதான் இசக்கி அவரைப் பாத்துப் பொறுக்கினா. செத்தாரா இல்லையான்னு மாசானமுத்து ஆள் விட்டுக் கேக்க மாட்டான்லா?

அப்பன் வாங்கி வச்சிருந்த தபால் கார்டுல சுடலை எழுதினான். மாசானமுத்துக்கு எழுத்து தெரியாது. ஆனி பதினெட்டாம் தேதி, பள்ளிக்கூடத்துலயே தபால்காரர் குடுத்தாருன்னு பூரணம் கொண்டு வந்து வாசல்ல நின்னு படிச்சா: "பிச்சாண்டி காலமாயிட்டாரு. அடக்கம் பண்ணியாச்சு. பங்காளிக தலை முழுகி வீட்லயே தீட்டுக் காக்கவும். யாரும் வர வேண்டாம்."

ரெண்டு தடவை படிக்கச் சொன்னான். கார்டைப் பிடுங்கி நாலாக் கிழிச்சான். "பால் காய்ச்சுறது போச்சே"ன்னு வாயில அடிச்சுக்கிட்டான். பிள்ளைகளுக்கு மூச்சு வந்துச்சு.

அப்பதான் அவன் கண்ணு சுருங்குச்சு. "ஏட்டி, அந்தக் கிழவனுக்குத்தான் பிள்ளை கிடையாதே. தென்னையும் பசுவும் யாருக்காம்?"

"வர வேண்டாம்னு போட்டிருக்கு பெரியப்பா."

"போட்டி பொடிச்சி."

தலை கூட முழுகல. ஒரு சாக்கு, ஒரு புதுப் பூட்டு, மாட்டுக்கு ஒரு கயிறு எடுத்துக்கிட்டான். பஸ்சுக்குக் குடுக்க மனசு வராம எட்டு மைல் உச்சி வெயில்ல நடந்தான். தெருமுனைக்கு வந்ததும் தலையில துண்டைப் போட்டு, "என்னைப் பெத்த ஐயாவே!"ன்னு கதற ஆரம்பிச்சான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்த பிச்சாண்டிக்கு அது காதுல விழுந்துச்சு. வேண்டியவங்க யாரோ போயிட்டாங்கன்னு அவரும் அழுதுக்கிட்டே ஓடி வந்து அவனைக் கட்டிப் பிடிச்சாரு. "ஏலே மாசானம், யாருலே போயிட்டா?"

மாசானம்தான் போனான். நின்ன வாக்குலயே, கையில சாக்கோட.

பிச்சாண்டி பொணத்தை வண்டியில போட்டு ஊருக்குக் கொண்டு வந்தாரு. ஊரும் நாட்டாமையும் கூடின இடத்துல கடுதாசிக் கதை அவர் காதுக்கு வந்துச்சு. "நான் செத்தேன்னு சொன்னது யாரு?"ன்னு கேட்டாரு.

"நினைச்சது நான்தான்"ன்னா இசக்கி. "எழுதினது நான்"ன்னான் சுடலை. "நான் படிக்கலேன்னா பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? நான்தான்"ன்னா பூரணம்.

நாட்டாமை தொண்டையைக் கனைச்சாரு. "ஒரு கொலைக்கு ஒரு பாவிதான். அது யாருன்னு சொல்லுங்க. அந்தப் பிள்ளை முறுக்குக் கம்பெனிக்குப் போகட்டும். மத்த ரெண்டும் தாய்மாமன் வார வரைக்கும் அவங்க வீட்ல இருக்கட்டும்"ன்னாரு.

இப்ப நீங்க சொல்லுங்க. நினைச்சவளா, எழுதினவனா, படிச்சவளா? மாசானமுத்தைக் கொன்னது யாரு?

*

பிச்சாண்டி சொன்ன பதில் இது. "நாட்டாமை, கார்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு பூரணத்தைச் சொல்லச் சொல்லும். வீட்லயே இரு, வராதேன்னுதான் இருந்துச்சு. அதுபடி இருந்திருந்தா இவன் சாக மாட்டான். இவன் என் சாவுக்கு வரல. என் பசுவுக்கு வந்தான். பொய் சொன்னாங்க, ஆமா. அந்தப் பொய்யால செத்தது நான்தான். எனக்கே கோவமில்ல, உமக்கு என்னவே?" நாட்டாமை துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு. மூணு பிள்ளைகளும் ஒண்ணாவே அவங்க வீட்டுக்குப் போனாங்க. பெரியப்பனுக்குப் பிள்ளை இல்லாததால கொள்ளி வச்சது சுடலைதான். அன்னைக்கு மூணு பேரும் ஒரு வாய் சோறு திங்கல. படுக்கும்போது பூரணம் மெதுவாக் கேட்டா: "அக்கா, மாமா வாரதுக்குள்ள இன்னும் யாரையாவது சாவடிக்கணுமா?"